பிஎச்டி முடியப் போகிறது. சேமிப்பை மீன் தொட்டியில் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. நகர்ப்புற உணவு, மீன் வளர்ப்பு பற்றிச் சென்னையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆய்வுக்காகக் கொல்கத்தாவின் கழிவுநீர் மீன் குளங்களில் எட்டு மாதம் தங்கியிருந்தேன். மாதம் 42,000 ரூபாய் வரும் ஃபெல்லோஷிப் இன்னும் நான்கு மாதத்தில் நின்றுவிடும். கையில் 6.5 லட்சம் இருக்கிறது, கடன் இல்லை. சிங்கப்பூரில் இரண்டு வருட போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) கிடைக்கும் போலிருக்கிறது. கடிதம் இன்னும் வரவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியரான அப்பா, "படித்ததையே தொழிலாகச் செய்" என்கிறார். ஊரில் எங்கள் கொல்லையில் ஏழு பயோஃபிளாக் தொட்டி (மீன் கழிவை நுண்ணுயிர்கள் உணவாக மாற்ற, இடைவிடாமல் காற்றூட்டி நெருக்கமாக மீன் வளர்க்கும் தொட்டி) போட 7.5 லட்சம் ஆகும், பெண்கள் பெயரில் என்றால் 60% மானியம். போடலாமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: வேண்டாம், இப்போது வேண்டாம். அப்பாவின் ஆசையில் தப்பில்லை. ஆனால் உங்கள் படிப்பு, வரப்போகும் சம்பளம், சேமிப்பு மூன்றும் ஒரே மீனை நம்பி நிற்கும். இந்தத் துறைக்கு ஒரு கெட்ட வருடம் வந்தால் வேலையும் தள்ளிப்போகும், தொட்டியும் நஷ்டமாகும். இரண்டும் சேர்ந்து வரும் நாளில் கைகொடுக்க வேறு காசு இருக்காது.

முதலில் மானியம். மத்திய அரசின் மீன்வளத் திட்டமான மத்ஸ்ய சம்பதாவில் பொதுப் பிரிவினருக்கு 40%, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60% என்பது சரிதான். ஆனால் அந்தப் பணம் முன்கூட்டிக் கைக்கு வராது. வேலை நடந்ததைக் காட்டக் காட்டத் தவணையாக வரும். அதுவரை 7.5 லட்சத்தை நீங்கள்தான் புரட்ட வேண்டும். அதற்கும் மேலே, மானியம் ஒரு முறைதான். தீவனமும் கரண்டும் ஒவ்வொரு வளர்ப்புக்கும் வேண்டும், பணம் கரைவதோ அங்கேதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு மீட்டர் விட்டம், 1.2 மீட்டர் தண்ணீர் என்றால் ஒரு தொட்டிக்குச் சுமார் 15,000 லிட்டர். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஆறு மாதத்தில் 300 கிலோ ஜிலேபி மீன் என்று வைத்துக்கொள்வோம். ஏழு தொட்டிக்கு 2,100 கிலோ. பண்ணையில் வந்து எடுத்துப்போகிறவர் கிலோவுக்கு 110 ரூபாய் தந்தால் 2.31 லட்சம். கிலோ மீனுக்கு 1.3 கிலோ தீவனம், கிலோ 50 ரூபாய் என்றால் தீவனம் மட்டும் 1.36 லட்சம். குஞ்சுக்கு 20,000. ஒரு குதிரைத்திறன் ஏர் பம்பு இரவும் பகலும் ஓடினால் நாளைக்கு 18 யூனிட், ஆறு மாதத்துக்கு 3,240 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்றாலும் 22,000க்கு மேல். வெல்லம், நுண்ணுயிர்க் கலவை, டீசல் என்று இன்னொரு 10,000. மிச்சம் சுமார் 40,000 ரூபாய், அதாவது மாதம் ஏழாயிரம்கூட இல்லை. ஒரு கையாள் வைத்தால் அதுவும் போய்விடும். இவை நான் எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் ஊர் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். நல்ல விலைக்கு நேரடியாக விற்க வழி இருந்தால் கணக்கு மாறும், ஒப்புக்கொள்கிறேன்.

கையாள் இல்லையென்றால் இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் போகும்போது ஜெனரேட்டரை யார் போடுவது? அவ்வளவு நெருக்கமாக மீன் விட்ட தொட்டியில் காற்று நின்றால் விடியும் வரை தாங்காது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். நீங்கள் சிங்கப்பூரில் இருப்பீர்கள். அப்பாதான் எழுந்து ஓட வேண்டும்.

நீங்கள் ஆராய்ந்த கிழக்குக் கொல்கத்தா ஈரநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 12,500 ஹெக்டேர், 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அங்கே நகரத்துக் கழிவுநீரும் வெயிலும் சேர்ந்து பாசியை வளர்க்கின்றன, பாசியை மீன் தின்கிறது. தீவனச் செலவு குறைவு என்பதால்தான் அந்த மீன் ஏழைக்கும் கட்டுப்படியாகிறது. கொல்லைத் தொட்டியிலோ மீன் விடும் ஒவ்வொரு மூச்சுக்கும் காசு நீங்கள் கட்ட வேண்டும்.

சரி, 6.5 லட்சத்தை என்ன செய்வது? ஆய்வேடு சமர்ப்பித்த பிறகு வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்து, வேலை கிடைத்து, முதல் சம்பளம் வர ஒரு வருடம்கூட ஆகலாம். என்னிடம் வரும் ஆய்வு மாணவர்களில் பாதிப் பேருக்கு ஃபெல்லோஷிப்பே மூன்று நான்கு மாதம் பாக்கி வைத்துத்தான் வரும். உங்களுக்கும் அப்படியானால் கடைசி நான்கு மாதத்தைக் கைக்காசாக எண்ண வேண்டாம். மாதச் செலவு 20,000 என்றால் 2.4 லட்சத்தை வங்கியில் தனி எஃப்டியாகப் போடுங்கள். சிங்கப்பூர் போனால் வாடகை முன்பணம், விமான டிக்கெட், முதல் மாதச் சாப்பாடு என்று ஒன்றரை லட்சத்தை ஒதுக்குங்கள். மீதியும் கடிதம் வரும்வரை எஃப்டியிலேயே இருக்கட்டும். மியூச்சுவல் ஃபண்டு எஸ்ஐபி எல்லாம் முதல் சம்பளத்துக்குப் பிறகு. கல்லூரிக் குழுக் காப்பீடு இருந்தால் அது படிப்போடு போய்விடும்; அதனால் சொந்தமாக ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை.

போவதற்கு முன் ஒரு பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கைத் தொடங்கி 500 ரூபாயாவது போட்டுவிடுங்கள். வெளிநாடுவாழ் இந்தியர் ஆனபின் புதிதாகத் தொடங்க முடியாது, ஏற்கெனவே இருப்பதை முதிர்வு வரை தொடரலாம். அங்கே சிபிஎஃப் என்கிற சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். உங்கள் பெயரில் யாரும் ஒரு டாலர்கூடச் சேர்க்க மாட்டார்கள். இன்னொன்று: 2030க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 சதவீதத்தை உள்நாட்டிலேயே விளைவிப்போம் என்று 2019இல் சொன்ன சிங்கப்பூர், 2025 நவம்பரில் அதை விட்டுவிட்டு 2035க்கு வேறு இலக்கு வைத்தது. அரசின் இலக்கு மாறினால் ஆராய்ச்சிப் பணமும் அந்தப் பக்கம் நகரும். இரண்டு வருடம் என்றால் இரண்டு வருடம்தான் என்று எண்ணி, சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை ஊருக்கு அனுப்பி வையுங்கள்.

இங்கேயே யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சம்பள விகிதத்தில் உதவிப் பேராசிரியர் பணி கிடைத்தால் 57,700 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் தொடங்குவீர்கள். தொட்டி ஆசையை அப்போது பேசிக்கொள்ளலாம்.

அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் கஷ்டம். பக்கத்தில் இரண்டு வருடமாவது பயோஃபிளாக் நடத்திய ஒருவரிடம் அவரை அழைத்துப் போங்கள். அந்தப் பண்ணைக்காரரின் கடைசி மூன்று கரண்ட் பில்லையும் கேட்டு வாங்கி அப்பாவிடம் கொடுங்கள்.