தடயவியல் மருத்துவரிடம் கேளுங்கள்: உயிர் போனது எத்தனை மணிக்கு?

கேள்வி: தொடர்களில் டாக்டர் சடலத்தைப் பார்த்ததுமே "ராத்திரி பத்தேகாலுக்கு உயிர் போயிருக்கு" என்கிறார். ரசாயனப் பரிசோதனையில் அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியுமா?

பதில்: முடியாது. நான் பணியில் இருந்தபோது, மணியும் நிமிடமும் கேட்காத காவல் அதிகாரிகள் குறைவு. 'இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள்' என்றுதான் எழுதித் தருவேன், முகம் சுளிப்பார்கள்.

முதல் சில மணி நேரத்துக்கு உடல் வெப்பமும் விறைப்பும் உதவும். விறைப்பே ரசாயனம்தான், தசைக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு தீர்ந்ததும் இழைகள் பிடித்த பிடியை விட முடியாமல் நின்றுவிடும். அதன் பிறகு நாங்கள் தேடிப் போவது கண்ணை. விழிக்குள் இருக்கும் கூழ் போன்ற திரவம் தனியே அடைபட்டிருப்பதால், ரத்தத்தைவிடத் தாமதமாகத்தான் கெடும். உயிரோடு இருக்கும்வரை செல்கள் ஆற்றலைச் செலவழித்துப் பொட்டாசியத்தை உள்ளே வைத்திருக்கும். ஆற்றல் நின்றதும் அது விழித்திரையிலிருந்து கசிந்து, திரவத்தில் நேரத்துக்கேற்ப ஏறிக்கொண்டே போகும்.

எடுப்பதில்தான் சூட்சுமம். கடைக்கண் ஓரமாக ஊசியை நுழைத்து மெல்ல இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் விழித்திரைத் துணுக்கும் சேர்ந்து வந்து அளவைப் பொய்யாக ஏற்றிவிடும். பிறகு உப்புநீர் செலுத்தி விழியைப் பழைய வடிவுக்குக் கொண்டுவருவோம். வெளியே முகம் பார்க்கக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்களே.

இனி கணக்கு. அந்தத் திரவத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 8 மில்லிமோல் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 1960களில் ஸ்டர்னர் என்ற ஆய்வாளர் தந்த சூத்திரப்படி 7.14ஆல் பெருக்கி 39.1ஐக் கழித்தால் 18 மணி நேரம். 1989இல் மடேயா குழுவினர் தந்தபடி 5.26ஆல் பெருக்கி 30.9ஐக் கழித்தால் 11 மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரே கண், ஒரே அளவு, ஏறக்குறைய ஏழு மணி நேர வித்தியாசம்! சந்தேகப்படும் ஆள் சிக்குவதும் தப்புவதும் அந்த ஏழு மணி நேரத்துக்குள் அடங்கிவிடலாம். சூடான இடத்தில் கிடந்த உடலென்றால் பொட்டாசியம் இன்னும் வேகமாக ஏறும். அதனால் வெப்பக் கணக்கு, கடைசியாகக் கைப்பேசியில் பேசிய நேரம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பேன். சில வழக்குகளில் கைப்பேசிதான் என் ஊசியைவிட உருப்படியாகப் பேசியது.

கேள்வி: உடல் அழுகிவிட்டால்?

பதில்: கண் உதவாது. சடலத்துக்கு அடியிலிருக்கும் மண்ணை எடுக்கலாம். அழுகும்போது அதில் கசியும் கொழுப்பு அமிலங்களின் விகிதம் நாள்பட மாறும் என்று அமெரிக்காவின் டென்னசியில் ஆர்பாட் வாஸ் குழுவினர் 1992இல் காட்டினார்கள். இந்த முறையில் நாளை மட்டும் எண்ணினால் போதாது, அன்றாடச் சராசரி வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வர வேண்டும். வெறும் எலும்பு என்றால் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன். 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் அது கூடி, உணவு வழியே அப்போது வாழ்ந்தவர்களின் உடலிலும் சேர்ந்தது. அந்தக் காலத்துக்கு முன்பே இறந்தவரா, பிறகும் வாழ்ந்தவரா என்று பிரிக்கலாம்.