டேங்க் காலியாகி நின்ன டீசல் காரு, மறுபடி டீசல் ஊத்தியும் ஏன் ஸ்டார்ட் ஆகறதில்ல?

இதுக்குப் பேரு ஏர் லாக். டேங்க் முழுசா தீர்ந்ததும் பம்ப் டீசலுக்குப் பதிலா காத்தை இழுத்துடும், அது ஃபில்டர், பைப், பம்ப்னு எல்லாத்துலயும் தங்கிடும், அப்புறம் டேங்க்ல டீசல் ஊத்தினாலும் இஞ்செக்டருக்கு, அதாவது இஞ்சினுக்குள்ள டீசலைப் பீச்சற பாகத்துக்கு, தேவையான பிரஷர்ல போய்ச் சேராது.

டீசல் இஞ்சின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது, அழுத்திச் சூடான காத்துக்குள்ள டீசலை ரொம்ப நுணுக்கமா பீச்சினாதான் தீப்பிடிக்கும், எல்லா இஞ்செக்டருக்கும் ஒரே பொதுக் குழாய்ல இருந்து டீசல் போற காமன் ரயில் வண்டிகள்ல அந்த பிரஷர் 2000 பார் வரைக்கும்கூட, அதாவது சாதாரண காத்தழுத்தத்தைப் போல சுமார் 2000 மடங்கு வரைக்கும், போகும். சிரிஞ்சுல தண்ணி மட்டும் நிரப்பி நுனியை அடைச்சுட்டு அமுக்கிப் பாருங்க, அசையாது, ஆனா காத்து இருந்தா சுலபமா அமுங்கிடும். காத்து இருக்கற வரைக்கும் பிரஷர் ஏறாது.

இதைவிடப் பெரிய கவலை வேற. அந்த பிரஷரைக் கொடுக்கற ஹை பிரஷர் பம்புக்கு பெரும்பாலான வண்டிகள்ல டீசல்தான் வழுவழுப்பே, வறண்டு சுத்தினா உலோகம் உலோகத்தோட உரசி பொடி கிளம்பும், பொடி இஞ்செக்டர் வரைக்கும் போயிட்டா மொத்த சிஸ்டத்தையும் மாத்தற நிலைமை வரலாம். அதனால தயவுசெஞ்சு விடாம செல்ஃப் அடிக்காதீங்க. ஃபில்டர் பக்கத்துல கை பம்ப் இருந்தா இறுகற வரைக்கும் அமுக்குங்க, இல்லேன்னா மெக்கானிக்கைக் கூப்பிடறது நல்லது.

தள்ளி ஸ்டார்ட் பண்ணா சரியாயிடும்னு நெறைய பேர் நம்பறாங்க, தள்றது ஸ்டார்ட்டர் மோட்டார் செய்யற வேலையத்தான் செய்யும், வறண்ட பம்பை இன்னும் சுத்த வைக்கும்.