ப்ராஜெக்ட் சென்டருக்குப் பணம் கட்டுவதற்கு முன்

அன்புள்ள ஐயா, வணக்கம்.

உங்கள் மகள் ஈசிஇ மூன்றாம் ஆண்டு படிக்கிறார். எம்பெடட் பக்கம், அதாவது கருவிகளுக்குள் இருக்கும் சிப்புக்கு ப்ரோகிராம் எழுதும் வேலையில், ஏதாவது செய்து காட்டினால்தான் பிளேஸ்மென்ட்டில் மதிப்பார்கள் என்கிறார். ஊரில் உள்ள ப்ராஜெக்ட் சென்டர் முப்பதாயிரம் ரூபாய் கேட்கிறது. மகளோ சிப் பொருத்திய ஏழெட்டு சர்க்யூட் போர்டுகளின் பட்டியலை நீட்டுகிறார். இரண்டில் எதற்குப் பணம் தருவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு இரண்டுக்கும் வேண்டாம். விலை குறைந்த மைக்ரோகன்ட்ரோலர் ஒன்றை எடுத்து, ஆறு மாதம் அதையே பிடித்துக்கொண்டு வேலை செய்யச் சொல்லுங்கள்.

மைக்ரோகன்ட்ரோலர் என்பது வாஷிங் மெஷினிலும் ஸ்கூட்டர் மீட்டரிலும் உட்கார்ந்திருக்கும் சின்ன சிப். கணக்குப் போடும் பகுதி, ப்ரோகிராம் தங்கும் ஃப்ளாஷ், ஓடும்போது பயன்படும் ராம், வெளியே சென்சாரையும் மோட்டாரையும் தொடும் கால்கள் எல்லாம் ஒரே சிப்புக்குள். இதற்கு ப்ரோகிராம் எழுதுவதுதான் உங்கள் மகள் தேடும் வேலை.

கல்லூரி லேபில் 8051 சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இன்டெல் 1980இல் கொண்டுவந்த சிப் அது. பழசு என்று பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். ஆனால் ரிஜிஸ்டர் (சிப்பை இயக்கும் உள் நினைவிடம்), டைமர் (நேரம் எண்ணும் பகுதி), இன்டரப்ட் (ஓடும் வேலையை இடையில் நிறுத்தி அவசர வேலைக்கு அழைப்பது) என்ற மூன்றையும் அதில் ஒழுங்காகப் படித்தவருக்கு எந்தச் சிப்பும் பாதி தெரிந்த மாதிரிதான். அப்புறம் எல்லோரும் ஆர்டுயினோ ஊனோவுக்குப் போவார்கள். அதில் இருப்பது ஏடிமெகா328பி என்ற சிப்: 32 கேபி ஃப்ளாஷ், 2 கேபி ராம். பழகுவதற்கு அருமையான போர்டு. ஒரே வரியில் எல்இடி எரியும். ஆனால் அந்த ஒரு வரிக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதைத் தயாராக எழுதிவைத்த லைப்ரரி மறைத்துவிடுகிறது. இன்டர்வியூவில் கேட்பது அந்த மறைந்த பகுதியைத்தான்.

கோவைப் பக்கம் பம்ப்செட் ஸ்டார்ட்டர் செய்யும் கம்பெனி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டால் மோட்டார் வெறுமனே ஓடிக் கெட்டுப்போகாமல் தானாக நிறுத்தும் பேனல் செய்கிறார்கள். அதற்குள் ஆர்டுயினோ போர்டை யாரும் வைக்க மாட்டார்கள். தேவையான அளவுக்கு ஒரு சிப்பை மட்டும் வைப்பார்கள். ஒரு லட்சம் பேனல் விற்கும் இடத்தில் சிப்பில் பத்து ரூபாய் குறைந்தால் பத்து லட்சம் மிச்சம். இந்தக் கணக்கு தெரிந்து பேசும் மாணவியை அங்கே உட்கார வைத்துப் பேசுவார்கள்.

அதனால் நான் சொல்லும் சிப் சிஎச்32வி003. சீனாவின் நான்ஜிங்கில் உள்ள டபிள்யூசிஎச் என்ற நிறுவனத்தின் தயாரிப்பு. பெயர் புதிதாக இருந்தாலும் ஆள் புதிதல்ல: விலை குறைந்த ஆர்டுயினோ நகல்களில் யுஎஸ்பிக்காக இருக்கும் சிஎச்340 சிப்பும் இவர்களுடையதுதான். 32 பிட், 48 மெகாஹெர்ட்ஸ், 16 கேபி ஃப்ளாஷ், 2 கேபி ராம். 3.3 வோல்ட்டிலும் ஓடும், 5 வோல்ட்டிலும் ஓடும். மொத்தமாக வாங்குபவர்களுக்கு ஒன்று 10 அமெரிக்க சென்ட் அளவில் கிடைக்கிறது. இங்கே சில்லறையில் அதைவிடக் கூடத்தான் இருக்கும், இருந்தாலும் ஒன்று புகைந்து போனால் வீட்டில் யாரும் திட்டப்போவதில்லை. கற்றுக்கொள்பவருக்கு இது பெரிய தைரியம். விலை உயர்ந்த போர்டை வாங்கிக் கொடுத்தால் பிள்ளை அதைத் தொடவே பயப்படும்.

இந்த 2 கேபி ராம் ஒரு நல்ல வாத்தியார். இந்தச் சிப்பில் ஒரு இன்டிஜர் 4 பைட். 512 இன்டிஜர் கொண்ட ஒரு அரே அறிவித்தாலே 2048 பைட், ராம் முழுவதும் தீர்ந்துவிடும். ப்ரோகிராம் ஓடும்போது தற்காலிகமாகப் பயன்படுத்தும் ஸ்டேக்குக்கு இடமில்லை. பெருக்கலுக்கு ஹார்டுவேரும் கிடையாது, நாம் எழுதுவதைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் அதை மென்பொருளால் செய்துகொள்ளும். தசம எண்களை நினைத்தபடி, எழுத்தாகக் காட்டும் ப்ரின்ட்எஃப்பில் போட்டால் 16 கேபி ஃப்ளாஷில் பெரிய துண்டு போய்விடும். லேப்டாப்பில் ப்ரோகிராம் எழுதிப் பழகியவருக்கு இந்த நெருக்கடியே தெரியாது. இதில் ஒரு மாதம் திண்டாடிய மாணவி, எட்டு பிட்டில் முடியும் எண்ணுக்கு முப்பத்திரண்டு பிட் ஒதுக்க மாட்டார்.

வாங்கும்போது ஒரு விஷயத்தில் கவனம். இந்தச் சிப்புக்கு ப்ரோகிராம் ஏற்றத் தனிக் கருவி வேண்டும், பெயர் டபிள்யூசிஎச் லிங்க்-இ. கடைசியில் அந்த "இ" இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். "இ" இல்லாத பழைய லிங்க் இந்தச் சிப்போடு பேசாது. முதலில் தனிச் சிப் வேண்டாம், 20 கால் சிப் ஏற்கெனவே பற்றவைத்த சிறு போர்டாகவே வாங்கலாம். எட்டுக் கால் சிப் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதில் ப்ரோகிராம் ஏற்றும் காலும் மற்ற வேலைக்கான கால்களும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. தெரியாமல் அந்தக் காலை அவுட்புட்டாக மாற்றிவிட்டால் மறுபடி ப்ரோகிராம் ஏற்றுவது தலைவலி. ப்ரோகிராம் எழுத மவுன்ரிவர் ஸ்டுடியோ என்ற மென்பொருள் இலவசம்.

ப்ராஜெக்ட் என்ன செய்யலாம்? எல்இடி எரிவதையும் வெப்பநிலை காட்டுவதையும் யாரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள். மேலே சொன்ன பம்ப் வேலையையே 12 வோல்ட் சின்ன பம்ப் ஒன்றை வைத்துச் செய்யட்டும். வீட்டு மோட்டாரிலோ தோட்டத்து த்ரீ பேஸ் லைனிலோ கை வைக்கவே கூடாது, இதை நீங்களே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் இல்லாமல் ஓடும் பம்ப் குறைந்த கரண்ட் எடுக்கும். அதை அளக்க 0.1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வழியில் போடுகிறோம். அரை ஆம்பியர் ஓடினால் அதில் கிடைப்பது 50 மில்லிவோல்ட். வோல்டேஜை எண்ணாக மாற்றும் சிப்பின் ஏடிசி 10 பிட். 5 வோல்ட்டை 1024 படியாகப் பிரித்தால் ஒரு படி ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட். அதாவது அரை ஆம்பியருக்குப் பத்தே படி! தண்ணீர் உண்டா இல்லையா என்ற வித்தியாசம் மூன்று நான்கு படிக்குள் அடங்கி, மோட்டாரின் நாய்ஸில் காணாமல் போய்விடும். முதல் நாள் உங்கள் மகள் "சென்சார் சரியில்லை" என்பார். சென்சார் சரிதான். சிக்னலைப் பெருக்க வேண்டும். சிப்புக்குள்ளேயே அதற்கான ஆப்-ஆம்ப் ஒன்று இருக்கிறது, வெளியே இரண்டு ரெசிஸ்டர் சேர்த்தால் வேலை முடிந்தது. இதை அவரே சிப்பின் விவரக் குறிப்பான டேட்டாஷீட்டில் தேடிக் கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்து, பம்ப் ஸ்டார்ட் ஆகும்போது சிப் ரீசெட் ஆகும். மோட்டார் இழுக்கும் இழுப்பில் வோல்டேஜ் சரியும். சிப்பின் சப்ளை கால் அருகே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், மோட்டாருக்குக் குறுக்கே டயோடு, ப்ரோகிராம் தொங்கினால் எழுப்பிவிட வாட்ச்டாக் என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பார். வோல்டேஜ் ஆடினால் ஏடிசி அளவும் ஆடுகிறது என்பது அப்புறம்தான் தெரியவரும். என்ன தவறியது, எப்படிப் பிடித்தேன் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இன்டர்வியூவுக்கு அந்த நோட்டைக் கையில் கொண்டுபோவது ரெஸ்யூமில் பத்து போர்டின் பெயர் போடுவதைவிட நல்லது என்பது என் உறுதியான கருத்து.

"சீனச் சிப்பைப் படித்தால் இங்கே யார் வேலை தருவார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான சந்தேகம். வேலை விளம்பரம் எதிலும் இந்தச் சிப்பின் பெயரைத் தேட வேண்டாம். ஆனால் இதன் உள்ளே இருப்பது ரிஸ்க்-ஃபைவ். 2010இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, யாருக்கும் உரிமக் கட்டணம் தராமல் பயன்படுத்தக்கூடிய கட்டளைத் தொகுப்பு. சென்னை ஐஐடியின் சக்தி ப்ராசஸரும் மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் வேகா ப்ராசஸரும் இதே வழியில் வந்தவைதான். இன்னொன்று, டபிள்யூசிஎச் தரும் லைப்ரரியின் அமைப்பு எஸ்டி நிறுவனம் தன் எஸ்டிஎம்32 சிப்புகளுக்குத் தந்த பழைய லைப்ரரியை அப்படியே ஒத்திருக்கும். கம்பெனிகளில் பரவலாகப் புழங்கும் எஸ்டிஎம்32க்கு ஏழாவது மாதம் மாறினால் பாதை தெரிந்த ஊருக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகனத் துறைக்குப் போக ஆசை என்றால் அந்த மாற்றம் அவசியம், கூடவே வண்டிக்குள் இருக்கும் சிப்புகள் ஒன்றோடொன்று பேசும் கேன் பஸ்ஸும் படிக்க வேண்டும். சிஎச்32வி003இல் கேன் கிடையாது.

வைஃபை வேண்டிய ப்ராஜெக்ட் என்றால் இந்தச் சிப்போடு மல்லுக்கட்டாமல் வைஃபை உள்ள ஈஎஸ்பி32 வாங்கிவிடலாம். பைத்தானில் எழுதிப் பார்க்க ஆசை என்றால் 2021இல் 4 டாலர் விலையில் வந்த ராஸ்பெர்ரி பை பிகோ நல்லது. அதன் ஆர்பி2040 சிப்பில் 264 கேபி ராம் இருக்கிறது. ராம் அவ்வளவு இருப்பதால்தான் முதல் ஆறு மாதத்துக்கு அதை நான் சொல்லவில்லை.

சரி, ப்ராஜெக்ட் சென்டர் விஷயம். எல்லா சென்டரும் மோசம் என்று சொல்ல மாட்டேன். நேரில் போங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். போர்டும் ரிப்போர்ட்டும் ரெடியாகத் தருகிறோம் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம். சொல்லிக்கொடுக்கிறோம் என்றால், அங்கே பாடம் எடுப்பவரிடம் மகள் மூன்று கேள்வி கேட்கட்டும்: இன்டரப்ட்டுக்குள் மாறும் வேரியபிளுக்கு வாலடைல் ஏன் போட வேண்டும்? ஐ2சி லைனில் புல்-அப் ரெசிஸ்டர் இல்லாவிட்டால் என்ன ஆகும்? மெயின் ஃபங்ஷன் தொடங்குவதற்கு முன் சிப்புக்குள் என்ன நடக்கிறது? பேப்பர் எடுத்து வரைந்து காட்டுகிறாரா, அட்மிஷன் ஃபார்மை நீட்டுகிறாரா என்று பாருங்கள். வரைந்து காட்டுபவராக இருந்தால் கட்டணத்தை இரண்டு தவணையாகக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.