கிராம சபையில் பேசியது பதிவாகவில்லையே?

கேள்வி: எங்கள் மகளிர் குழு கிராம சபையில் குடிநீர்க் குழாய் கேட்டது. எல்லோரும் தலையாட்டினார்கள், தீர்மானத்தில் மட்டும் அது இல்லை. அடுத்த முறை என்ன செய்யலாம்?

பதில்: வாய்ப்பேச்சு பெரும்பாலும் காற்றோடு போய்விடும். கூட்டத்துக்குச் சில நாள் முன்பே ஊராட்சித் தலைவருக்கு மனு எழுதி, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். ‘குடிநீர் வசதி வேண்டும்’ என்றால் போதாது. வார்டு, தெரு, வீடுகளின் எண்ணிக்கை, எங்கிருந்து எத்தனை மீட்டர் குழாய் என்று எழுதுங்கள். மதிப்பீடு போடுபவருக்கு அதுதான் பிடி.

கூட்டத்தில் தீர்மானத்தை வாசிக்கச் சொல்லி, எண்ணோடு பதிவேட்டில் ஏறியதைப் பார்த்த பிறகே கலையுங்கள். வருகைக் கையெழுத்தை முதலிலேயே வாங்கிவிட்டு, தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்ளும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. கோளாறு அங்கேதான். ஆள் குறைந்தாலும் சிக்கல்: 501 முதல் 3,000 பேர் வரையுள்ள ஊராட்சிக்குக் குறைவெண், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது வர வேண்டியவர்கள், 100. உங்கள் குழு மட்டும் போனால் போதாது, தெருவையே திரட்டுங்கள்.

பிறகு தீர்மான நகலைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், கெடு 30 நாள். அந்த நகலோடு வட்டார வளர்ச்சி அலுவலரைப் பாருங்கள்.