வாய்ஸ் ஓவர் சேர்த்தால் குழப்பம் தீருமா?

உங்கள் 12 நிமிடக் குறும்படத்தைப் பார்த்தவர்களுக்கு, மகள் ஏன் வீட்டை விட்டுப் போகிறாள் என்று புரியவில்லை என்கிறீர்கள். அதற்கு வாய்ஸ் ஓவர் (காட்சியின் மேல் ஒலிக்கும் விளக்கக் குரல்) வேண்டாம். புரியாததைக் குரலால் அடைத்தால், இவ்வளவு சின்னப் படத்தில் ஒட்டுப்போட்டது அப்பட்டமாகத் தெரியும்.

அவள் போகும் காரணத்தைச் சொல்லும் கடிதத்தை 30 பிரேம் (பிரேம் என்பது படச்சுருளின் ஒரு தனிப் படம்) காட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். நொடிக்கு 24 பிரேம் என்றால் அது ஒன்றேகால் நொடிதான். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எடிட்டில் நூறு தடவை பார்த்த உங்களுக்கு அது போதும். முதல் தடவை பார்ப்பவர் அது கடிதம் என்று கண்டுகொள்வதற்குள் ஷாட் ஓடிவிடும்.

கதை தெரியாத ஒருவரிடம் படத்தைப் போடுங்கள். கடித ஷாட் முடிந்ததும் நிறுத்தி, "இவள் இப்போது என்ன செய்வாள்?" என்று மட்டும் கேளுங்கள். விளக்கம் சொல்லிவிடாதீர்கள் (நாக்கு துறுதுறுக்கும்!). அவர் பதில் தெரியாமல் விழித்தால், முக்கியமான வரியை நிதானமாக இரண்டு முறை வாசிக்கிற அளவுக்கு ஷாட்டை நீட்டுங்கள். நீட்டுவதற்கு ஃபுட்டேஜ் (ஏற்கெனவே எடுத்துவைத்த காட்சி) இல்லையா? கையும் தாளும் மட்டும் தெரியும் குளோசப்புக்கு நடிகை வரவேண்டியதில்லை. அதே உடையின் கை, அதே பக்கத்திலிருந்து விழும் வெளிச்சம் இருந்தால் சரி.

ஒன்று மட்டும்: கடிதம் புரிந்தும் அவள் போவதை நம்ப முடியவில்லை என்றால், அது எடிட்டில் தீராது. அப்புறம் தகப்பனுடனான காட்சியைத்தான் மறுபடி எழுத வேண்டும்.