ஒரே கதை, 50 கருவிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். மாணவர்கள் தங்கள் ஊர்க் கதைகளைப் படமும் குரலுமாகச் செய்ய ஓர் இலவசச் செயலியைக் கற்றுக்கொடுத்தேன். இந்த வருடம் அதை மூடிவிட்டார்கள். பிள்ளைகள் செய்தது எல்லாம் போய்விட்டது. இனி எதைக் கற்றால் பத்து வருடம் தாங்கும்?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

பிள்ளைகளின் உழைப்பு போனது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பத்து வருடம் தாங்கும் என்று எந்தச் செயலிக்கும் நான் உறுதி தர மாட்டேன். ஆலன் லெவின் என்ற அமெரிக்கரைப் பற்றிச் சொல்கிறேன்.

நிலவியல் படித்தவர். அரிசோனாவில் மாரிகோப்பா சமுதாயக் கல்லூரிகளில் ஆசிரியர்களுக்குத் தொழில்நுட்பத்தில் துணைநிற்பது அப்போது அவர் வேலையாக இருந்தது. 1993லேயே, ஒரு சின்ன மேக் கணினியைச் சர்வராக்கி இணையதளம் தொடங்கினார். அப்புறம் இணையப் பக்கங்களை உருவாக்கும் எச்டிஎம்எல் மொழியைக் கற்க ஒரு பாடத்தொடர் எழுதி, யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று இணையத்தில் வைத்தார்.

2007இல் அவர் செய்ததுதான் உங்களுக்கு வேண்டியது. டாமினோ என்ற தன் நாயைப் பற்றிய ஒரே கதையை, அன்று இலவசமாகக் கிடைத்த இணையக் கருவிகள் ஒவ்வொன்றிலும் திரும்பத் திரும்பச் சொன்னார். 50க்கும் மேல்! ஆசிரியர்களிடம் அவர் சொன்ன வரிசை இது: முதலில் கதையை யோசி, அடுத்து படம், ஒலி சேர், கருவியைக் கடைசியில் எடு. அந்தக் கருவிகளில் பல இன்று இல்லை. பட்டியலை அவர் வைத்திருந்த விக்கிஸ்பேசஸ் என்ற இணையதளச் சேவையே 2018இல் மூட ஆரம்பித்துவிட்டது. ஆனால் அந்த வரிசையை வைத்து நாளைக்கே நீங்கள் வகுப்பெடுக்கலாம். நாம் பெரும்பாலும் தலைகீழாகத்தான் தொடங்குகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

பின்னாளில் அவர் டிஎஸ்106 என்ற டிஜிட்டல் கதைசொல்லல் பாடத்தையும் கற்பித்தார். வர்ஜீனியாவின் மேரி வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜிம் க்ரூம் உருவாக்கிய பாடம் அது. 2011இல் வெளியாட்களுக்கும் திறந்துவிட்டார்கள். அதில் மாணவர் ஒவ்வொருவரும் சொந்தமாக டொமைன், அதாவது தன் பெயரில் ஓர் இணைய முகவரி வாங்கி, வலைப்பதிவு நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளை நிறுவி, அங்கேதான் எழுதுவார்கள். பாடத்தின் பொதுத்தளம், புதுப் பதிவுகளைத் தானாகவே கொண்டுசேர்க்கும் ஆர்எஸ்எஸ் ஓடை வழியாக எல்லாவற்றையும் திரட்டிக் காட்டும். பொதுத்தளம் நின்றுபோனாலும் மாணவர் எழுதியது அவருடைய முகவரியிலேயே இருக்கும். பயிற்சிகளைக்கூட மாணவர்களே எழுதிச் சேர்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

ஆளுக்கொரு டொமைன் உங்கள் மாணவர்களுக்குச் செலவு என்றால், வகுப்புக்கு ஒன்று போதும். கதையின் எழுத்து, படம், ஒலி மூன்றும் தனித்தனிக் கோப்புகளாக அவரவரிடம் இருக்கட்டும். செயலிக்குள் மட்டும் எதையும் விட்டுவைக்க வேண்டாம்.

சரி, போனது முழுக்கப் போய்விட்டதா என்றும் ஒருமுறை பாருங்கள். எடுத்த படங்களும் குரல்பதிவுகளும் சிலர் கைபேசியிலாவது இருக்கலாம். பிள்ளைகள் போன் மாற்றுவதற்குள் கேட்டு வாங்கிவிடுங்கள்.