வாசகர் கேள்விகள்: திமோரில் பிணம், திமோர்க் கடலில் ஒப்பந்தம்

கேள்வி: ஒரு நாட்டுக்குள் இன்னொரு நாட்டுப் படை புகுந்து ஆட்களைக் கொல்கிறது. மற்ற அரசுகள் 'ஆழ்ந்த கவலை'யோடு நிறுத்திக்கொள்வது ஏன்?

கவலைப்படக் காசு செலவில்லை, அதனால்தான். அறிக்கையை விடுங்கள், அதே நேரத்தில் அந்த அரசு எதில் கையெழுத்துப் போடுகிறது என்று பாருங்கள். போர்ச்சுகலின் காலனியாக இருந்த, இந்தோனேசியாவை ஒட்டிய கிழக்குத் திமோர் விஷயத்தில் இதை அப்பட்டமாகவே பார்க்கலாம். 1975 டிசம்பர் 7 அன்று இந்தோனேசியா அங்கே படையிறக்கியது. அதற்கு முந்தைய நாள்தான் அமெரிக்க அதிபர் ஃபோர்டும் அவருடைய வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிங்கரும் ஜகார்த்தாவில் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவைப் பார்த்துப் பேசினார்கள். நாங்கள் புரிந்துகொள்வோம், அழுத்தம் தரமாட்டோம் என்றார் ஃபோர்டு. செய்வதை நாங்கள் ஊர் திரும்பிய பிறகு செய்தால் நல்லது என்றார் கிஸ்ஸிங்கர். பிற்பாடு வெளியான அமெரிக்க ஆவணங்களிலேயே இது இருக்கிறது. டிசம்பர் 22-ல் ஐ.நா. பாதுகாப்பு அவை ஒருமனதாகப் படையை விலக்கச் சொன்னது. விலக்கவில்லை, யாரும் பெரிதாகக் கேட்கவும் இல்லை.

பக்கத்திலேயே இருந்த ஆஸ்திரேலியா என்ன செய்தது? படையெடுப்புக்கு நாலு மாதம் முன்பே, ஜகார்த்தாவில் இருந்த அதன் தூதர் ரிச்சர்ட் வூல்காட், கடலடி எல்லை ஒப்பந்தத்தைப் போர்ச்சுகலோடோ சுதந்திரத் திமோரோடோ பேசுவதைவிட இந்தோனேசியாவோடு பேசுவது சுலபம் என்று தலைநகர் கான்பெராவுக்குத் தந்தி அனுப்பிவிட்டார். தான் சொல்வது கொள்கைப்படியானதல்ல, காரியத்துக்கானது என்று அதிலேயே ஒப்புக்கொள்ளவும் செய்தார். திமோரை இந்தோனேசியா தன்னோடு இணைத்துக்கொண்டதை 1979-க்குள் ஆஸ்திரேலியா சட்டப்படியே அங்கீகரித்துவிட்டது. அப்புறம் 1989 டிசம்பரில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும், கேரத் எவன்ஸும் அலி அலடாஸும், திமோர்க் கடலுக்கு மேலே பறந்த விமானத்தில் உட்கார்ந்து எண்ணெய்ப் பங்கீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு ஷாம்பெயின் குடித்தார்கள். கீழே இருந்த தீவில் அப்போதும் ராணுவ ஆட்சிதான்.

கேள்வி: படுகொலைக் காட்சி உலகம் முழுக்கப் பரவிவிட்டால் அரசுகள் மாறித்தானே ஆக வேண்டும்?

கொஞ்சம் மாறும். 1991 நவம்பர் 12 அன்று திமோரின் தலைநகர் டிலியில், இரண்டு வாரம் முன்பு கொல்லப்பட்ட ஓர் இளைஞனின் கல்லறைக்கு ஊர்வலமாகப் போனவர்கள் மீது சாண்டா குரூஸ் இடுகாட்டிலேயே இந்தோனேசியப் படை சுட்டது. 250-க்கும் மேற்பட்டோர் இறந்ததாகத் திமோர்த் தரப்பின் கணக்கு. உள்ளே இருந்து படம்பிடித்த பிரிட்டிஷ் பத்திரிகையாளர் மாக்ஸ் ஸ்டால், பிடிபடுவதற்குள் நாடாவை அங்கேயே ஒரு புதுக் குழியில் புதைத்துவைத்து, இரவில் வந்து எடுத்துப்போனார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அமெரிக்க நாடாளுமன்றம் மறு ஆண்டு ராணுவப் பயிற்சி உதவியை நிறுத்தியது. நெதர்லாந்து உதவியை நிறுத்திக் கண்டிக்க, உன் பணமே வேண்டாம் என்று சுகார்த்தோ முறித்துக்கொண்டார். இதைத்தான் மற்ற அரசுகள் பாடமாக எடுத்துக்கொண்டன என்று நினைக்கிறேன். எவன்ஸோ, இது ஒரு பிறழ்வு, அரசின் கொள்கையாகத் தெரியவில்லை என்றார். ஒப்பந்தத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

கேள்வி: இந்தியா எந்தப் பக்கம் நின்றது?

இந்தோனேசியாவின் பக்கம். 1975-ல் படையை விலக்கச் சொன்ன ஐ.நா. பொது அவைத் தீர்மானத்தை 72 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்தவை 10. அந்தப் பத்தில் இந்தியாவும் ஒன்று. போர்ச்சுகல் காலனி என்றதும் டில்லிக்கு, போர்ச்சுகலிடமிருந்து தான் படை அனுப்பி எடுத்த கோவா ஞாபகம் வந்திருக்கும் என்பது என் ஊகம். இங்கே அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

கேள்வி: ஆனால் 1999-ல் ஆஸ்திரேலியாதானே படை அனுப்பித் திமோரைக் காப்பாற்றியது?

ஆமாம், அதை மறுக்க முடியாது. ஆகஸ்ட் 30 வாக்கெடுப்பில் 78.5 சதவீதம் பேர் இந்தோனேசியாவோடு இருக்க மாட்டோம் என்றார்கள், உடனே ராணுவம் வளர்த்த கூலிப்படைகள் ஊர் ஊராகக் கொளுத்தின. கான்பெரா படையோடு தயார்தான், ஆனால் ஜகார்த்தா சம்மதிக்காமல் போக மாட்டேன் என்று நின்றது. அந்தச் சம்மதம் எப்படி வந்தது என்பதுதான் விஷயம். செப்டம்பர் 9-ல் கிளின்டன் ராணுவ உறவை அறுத்தார், பொருளாதாரம் நொறுங்கிக் கிடந்த இந்தோனேசியாவுக்கு சர்வதேச நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) பணமும் நின்றுபோகும் நிலை. 12-ஆம் தேதி இந்தோனேசிய அதிபர் ஹபீபி சரி என்றார், 20-ல் படை இறங்கியது. இருபத்துநாலு வருடம் ஆகாதது சில நாளில் ஆகிவிட்டது, 1975-லேயே இது கையில் இருந்த ஆயுதம்தான்.

காப்பாற்றிய கதையும் அங்கே முடியவில்லை. 2002 மே 20-ல் திமோர் சுதந்திரம் பெற்றது. அதற்கு இரண்டு மாதம் முன்பு ஆஸ்திரேலியா, கடல் எல்லைத் தகராறுகளில் சர்வதேச நீதிமன்றத்துக்கு இனி கட்டுப்பட மாட்டோம் என்று விலகிக்கொண்டது. இரு கரைகளுக்கும் நடுவே போகும் கோட்டை எல்லையாக ஒப்புக்கொண்டு ஒப்பந்தம் போட 2018 மார்ச் ஆனது.